வகுப்பறை வாசலிலிருந்து கிராம சபை வரை: அரசுப் பள்ளிப் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

என் மகள் படித்த ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கழிவறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பழுதானபோது, பெற்றோராகிய நாங்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் திரட்டிச் சரிசெய்து கொடுத்தோம். நான்கு மாதங்களில் அது மீண்டும் பழுதாகியது, மறுபடியும் திரட்டினோம். மூன்றாம் முறை நின்றபோதுதான், அந்த மோட்டாரைப் பராமரிக்க வேண்டியவர் உண்மையில் யார் என்று எங்களில் ஒரு தாய் கேட்டார். அங்கிருந்த இருபது பேரில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அந்த விடையைத் தேடிப் போன வழியில்தான் பள்ளி மேலாண்மைக் குழு, வட்டார வளர்ச்சி அலுவலகம், கிராம சபை ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டோம்.

பள்ளிக்கு உழைப்பும் பணமும் தருவது நல்ல காரியம். ஆயினும் பள்ளியின் குறை ஒன்றைத் தேதியோடும் கணக்கோடும் தீர்மானமாக எழுதி, அதற்குப் பொறுப்பான அலுவலகத்தில் சேர்த்து, வேலை முடியும்வரை விடாமல் கேட்பது அதைவிடப் பெரிய தொண்டு என்பது என் உறுதியான கருத்து. முதலாவதை வசதியுள்ள சிலர் செய்துவிடலாம். இரண்டாவதைச் செய்யக் கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கும் முழுத் தகுதி உண்டு. அதற்கான வழியை இங்கே வரிசைப்படி எழுதுகிறேன்.

சட்டம் தந்திருக்கும் இடம்

குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும் என்றும், அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்றும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும், நலிந்த பிரிவுகளைச் சேர்ந்த பெற்றோருக்கு விகிதாசார இடம் தரப்பட வேண்டும் என்றும் அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளி இயங்கும் முறையைக் கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைப்பதும், பள்ளிக்கு வரும் நிதி எவ்வாறு செலவாகிறது என்று பார்ப்பதும் இக்குழுவின் பணிகள். உதவி பெறும் பள்ளிகளில் மட்டும், 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, குழு ஆலோசனை கூறும் நிலையிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் பல பள்ளிகளில் இக்குழு நெடுநாள் பெயரளவில் மட்டுமே இருந்தது. 2022 மார்ச்சில் 'நம் பள்ளி நம் பெருமை' என்ற இயக்கத்தின்கீழ் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டங்கள் நடத்தப்பட்டு, 20 உறுப்பினர் கொண்ட குழுக்கள் புதிதாக அமைந்தன. பெற்றோரில் ஒரு பெண் தலைவராக இருப்பது அப்போது ஏற்பட்ட முறை. 2024இல் மறுகட்டமைப்பு நடந்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தந்து எண்ணிக்கையை 24 ஆக்கினார்கள். குழுவின் காலம் இரண்டு ஆண்டுகள். பெற்றோர் ஆசிரியர் கழகம் என்பது வேறு; அது இச்சட்டத்துக்கு முன்பிருந்தே இருந்துவரும் அமைப்பு. 'பி.டி.ஏ.' எனப்படும் அக்கழகத்தையும் 'எஸ்.எம்.சி.' எனப்படும் மேலாண்மைக் குழுவையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொண்டால், எந்தக் கூட்டத்தில் எதைக் கேட்பது என்பது தெரியாமல் போகும்.

ஊரார் பள்ளியைத் தாங்குவது நமக்குப் புதிதும் இல்லை. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் நிலமும் கட்டடமும் பெஞ்சும் பலகையும் கொடுத்தார்கள். இன்றும் பல ஊர்களில் திருமணச் சீர் போலத் தாம்பாளங்களில் நோட்டு, புத்தகம், நாற்காலி, கடிகாரம் என்று ஏந்திக்கொண்டு மேளதாளத்தோடு 'கல்விச் சீர்' கொண்டு வருகிறார்கள். அந்த ஊர்வலத்தைப் பார்த்து நெகிழாதவர் இருக்க முடியாது. ஆனால் சீர்த் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பள்ளியின் தேவைப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்தால், ஒரே பள்ளியில் ஐந்து சுவர்க் கடிகாரங்கள் சேர்வதைத் தவிர்க்கலாம்.

முதல் படி: பள்ளியைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுதல்

குழுவில் சேர்வதற்கு முன்பே, ஒரு மாத காலம் பள்ளியைக் கவனியுங்கள். பிள்ளையை விடப் போகும்போது வாசலோடு திரும்பிவிடாமல், தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, ஒரு நாள் காலை உணவு வேளையிலும் இன்னொரு நாள் சத்துணவு வேளையிலும் அங்கே இருங்கள். எத்தனை வகுப்புகள், எத்தனை ஆசிரியர்கள், எத்தனை பிள்ளைகள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இந்த மூன்று எண்களிலிருந்தே பாதி உண்மை தெரிந்துவிடும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்களும், 61 முதல் 90 வரை மூவரும், 91 முதல் 120 வரை நால்வரும் வேண்டும். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஒருவர் வீதமும், வகுப்புக்குக் குறைந்தது ஒருவரும் இருக்க வேண்டும். தொடக்க வகுப்புகள் ஆண்டுக்கு 200 நாட்களும், நடுநிலை வகுப்புகள் 220 நாட்களும் நடக்க வேண்டும். ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிவறை, பாதுகாப்பான குடிநீர், சமையற்கூடம், விளையாட்டிடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் தடையின்றி வந்துபோகும் வழி ஆகியவையும் அதே அட்டவணையில் உள்ளவையே. இவற்றைக் கேட்பவர் அரசிடம் சலுகை கேட்கவில்லை.

இந்தக் கட்டத்தில் யாரையும் குறை சொல்ல வேண்டாம். ஈராசிரியர் பள்ளியில் ஓர் ஆசிரியர் பயிற்சிக்குப் போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு படும் பாட்டை அரை நாள் உட்கார்ந்து பார்த்தவர், பிறகு ஒரு தீர்மானம் எழுதும்போது அதில் கோபத்துக்குப் பதிலாகத் துல்லியம் இருக்கும்.

இரண்டாம் படி: சிறிய வேலை ஒன்றைத் தொடர்ந்து செய்தல்

பெற்றோர் தொண்டு என்றதும் ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடுவதும் சுதந்திர நாளுக்கு மிட்டாய் வாங்கித் தருவதுமே பலருக்கு நினைவு வருகிறது. அவையும் தேவைதான். ஆனால் பள்ளிக்கு அதிகம் பயன்படுவது, சிறியதாக இருந்தாலும் தவறாமல் நடக்கும் வேலை. வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் நான்கு பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்கள் வாசிப்பதைக் கேட்டாலே போதும். பள்ளிக் கல்வித்துறை வெளியிடும் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள் பள்ளிக்கு வருகின்றன. அவை அலமாரியில் கட்டாகக் கிடந்தால் எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். பெருந்தொற்றுக்குப் பிறகு 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தெருத்திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தந்தத் தெருவின் பெண்களே. பாடம் நடத்தும் பட்டம் இல்லாதவராலும் ஒரு பிள்ளையை வாசிக்க வைக்க முடியும் என்பதை அவர்கள் காட்டினார்கள்.

உணவைக் கவனிப்பது இன்னொரு வேலை. 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும், பெற்றோரின் கண் படும் இடங்களில் நன்றாக நடக்கின்றன. பரிமாறும் முன் பெரியவர்கள் இருவர் மூவராவது உணவைச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான விதி. மாதத்தில் ஒரு நாள் அந்த இருவரில் ஒருவராக ஒரு பெற்றோர் இருக்கட்டும். அரிசி, பருப்பு, முட்டை வைக்கும் இடம், குடிநீர்த் தொட்டியைக் கழுவிய தேதி, பிள்ளைகள் கை கழுவும் வசதி ஆகியவற்றைப் பாருங்கள். சமைக்கும் பெண்களிடம் அதிகாரிபோலப் பேசாதீர்கள். அவர்களும் நம் தெருக்காரர்கள், அடுப்படியில் என்ன குறை என்பதை முதலில் அறிந்தவர்கள்.

பள்ளிக்குள் தொண்டு செய்பவர் சில வரம்புகளைக் கட்டாயம் மதிக்க வேண்டும். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பிள்ளைகளின் படங்களை எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போடக் கூடாது. ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணையோ வீட்டு நிலையையோ வெளியே பேசக் கூடாது. அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஆசிரியருக்குத் தடை செய்திருக்கிறது. பெற்றோர் ஒருவர் அன்பு என்ற பெயரில் கை ஓங்குவதும் அதே குற்றமே. சாதியைச் சுட்டி ஒரு சொல்லும் பேசக் கூடாது. ஒரு குறிப்பிட்ட தெருப் பிள்ளைகளை மட்டும் கழிவறை கழுவச் சொல்வதையோ தனியே உட்காரச் சொல்வதையோ கண்டால், அன்றே எழுத்தில் புகார் செய்ய வேண்டும்.

மூன்றாம் படி: குழுவுக்குள் நுழைதல்

குழு மறுகட்டமைப்புக்கான பெற்றோர் கூட்ட அறிவிப்பு வரும்போது, நீங்கள் மட்டும் போகாமல் உங்கள் தெருவில் நான்கு பேரையாவது அழைத்துச் செல்லுங்கள். யார் தலைவர் என்பதை முன்பே ஊர்ப் பெரியவர்கள் பேசி வைத்துவிடும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணுக்குப் பதிலாகக் கணவர் வந்து கூட்டத்தில் பேசுவதும், வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டப்படும் குறிப்பேட்டில் அவர் கையெழுத்து மட்டும் போடுவதும் நடக்கின்றன. அந்தப் பெண்ணைக் குறை சொல்வதில் பொருளில்லை. கூட்டத்துக்கு முன் அவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து, பொருள் பட்டியலைச் சேர்ந்து படித்து, முதல் இரண்டு கூட்டங்களில் அவர் பக்கத்தில் அமர்ந்தால், மூன்றாம் கூட்டத்தை அவரே நடத்துவார். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கூட்டம் மாதந்தோறும் நடக்க வேண்டும். வேலை நாள் பிற்பகலில் வைக்கப்படும் கூட்டத்துக்கு வருவதென்றால், கட்டட வேலைக்கோ பனியன் கம்பெனிக்கோ போகும் பெற்றோர் அரை நாள் கூலியை இழக்க வேண்டும். இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. "ஏழைகளுக்குப் பிள்ளைகள் மேல் அக்கறை இல்லை" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வர முடியாதவர்களின் குறையை முந்தைய நாள் மாலையில் தெருவில் கேட்டு எழுதிக்கொண்டு போய்க் கூட்டத்தில் சொல்வது, குழு உறுப்பினர் செய்யக்கூடிய மிக நேர்மையான வேலை.

வங்கிக் கணக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குழுக் கணக்கைத் தலைவரும் தலைமையாசிரியரும் சேர்ந்து இயக்குகிறார்கள். தொகை எழுதாத காசோலையில் தலைவர் ஒருபோதும் கையெழுத்திடக் கூடாது. பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நெறிமுறைப்படி 30 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000 என்று அது உயர்கிறது. எந்த ஆண்டு எவ்வளவு வந்தது, எப்போது வந்தது, எதற்குச் செலவானது என்பதைக் கூட்டத்தில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கேட்பது சந்தேகத்தால் அல்ல, அது குழுவின் கடமை என்பதை முதலிலேயே மரியாதையாகச் சொல்லிவிட்டால், நேர்மையான தலைமையாசிரியர் மகிழ்ந்து காட்டுவார். பெற்றோரிடம் கட்டாயமாகப் பணம் பிரிப்பதற்கு மட்டும் குழு ஒருபோதும் துணைபோகக் கூடாது. எட்டாம் வகுப்புவரை கல்வி இலவசம் என்பதே சட்டத்தின் உயிர்.

நான்காம் படி: மாதம் ஒரு பாதுகாப்பு நடை

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். இத்தகைய ஆபத்துகள் நாள்தோறும் கண்ணில் பட்டாலும், அவற்றை எழுதி வைப்பவர் இல்லாமல் போகிறார்கள். ஆகவே கூட்டத்துக்கு முன் கால் மணி நேரம், இரண்டு பெற்றோரும் ஓர் ஆசிரியரும் பள்ளியைச் சுற்றி நடக்க வேண்டும். மேற்கூரையில் ஈரமும் விரிசலும் உண்டா, சன்னல் மேற்பலகையில் கம்பி தெரிகிறதா, சுவர் சாய்ந்திருக்கிறதா, மின்பலகை மூடியிருக்கிறதா, கழிவுநீர்த் தொட்டியின் மூடி கனமானதா, கிணறு அல்லது தரைத்தொட்டி திறந்து கிடக்கிறதா, வகுப்பின் மேலே மின்கம்பி தொங்குகிறதா, வாசல் உட்பக்கம் மட்டும் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் செப்டம்பரில் இந்த நடை இன்னும் நீளமாக இருக்கட்டும். ஆபத்தான கட்டடம் என்று தோன்றினால், பிள்ளைகளை அங்கிருந்து உடனே வெளியே மாற்றச் சொல்லிவிட்டுப் பிறகு மனு எழுதுங்கள்.

பள்ளி வாசலுக்கு வெளியேயும் கண் போகட்டும். கல்வி நிறுவனத்திலிருந்து நூறு கெச (யார்டு) தூரத்துக்குள் புகையிலைப் பொருட்கள் விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வேகத்தடை, சாலை கடக்கும் இடம், தெருநாய்கள், வடிகால் ஆகியவையும் பள்ளியின் பிரச்சினைகளே.

ஐந்தாம் படி: தீர்மானம் எழுதுதல்

இதுவே இந்த வழிகாட்டியின் நடுநாயகமான பகுதி. "கழிவறை வசதி செய்துதர வேண்டும்" என்று ஒரு வரி எழுதினால் அது எங்கும் போய்ச் சேராது. எத்தனை பிள்ளைகள், எந்த இடம், எந்தத் தேதியிலிருந்து, எந்த அலுவலர், எதற்குள் ஆகிய ஐந்தும் தீர்மானத்தில் இருக்க வேண்டும். எங்கள் குழு முதன்முதலாக ஒழுங்காக எழுதிய தீர்மானம் ஏறக்குறைய இவ்வாறு இருந்தது:

"பள்ளியில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் 142 பிள்ளைகள் படிக்கின்றனர், அவர்களில் 76 பேர் பெண் பிள்ளைகள். பெண்கள் கழிவறையில் உள்ள மூன்று அறைகளில் இரண்டுக்குக் கதவு இல்லை. நீரேற்றும் மோட்டார் ஜூன் 12 முதல் இயங்கவில்லை. வயது வந்த பெண் பிள்ளைகள் சிலர் இதனால் பிற்பகலில் வீட்டுக்குச் சென்றுவிடுகின்றனர். ஆகவே மோட்டாரை மாற்றித் தரவும் கதவுகளைப் பொருத்தித் தரவும் வட்டார வளர்ச்சி அலுவலரைக் கேட்டுக்கொள்வது என்றும், நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஊராட்சிக்கும் அனுப்புவது என்றும், அடுத்த மாதக் கூட்டத்தில் இதன் நிலையை முதற்பொருளாக எடுத்துக்கொள்வது என்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது."

ஒரு கூட்டத்தில் மூன்று தீர்மானங்களுக்கு மேல் வேண்டாம். பத்து எழுதினால் பத்தையும் பின்தொடர ஆளிருக்காது. தீர்மானத்தை அங்கேயே எழுதி, வாய்விட்டுப் படித்து, எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினரும் புரிந்துகொண்ட பிறகே கையெழுத்தோ கைரேகையோ வாங்குங்கள். குறிப்பேட்டில் இடைவெளி விட்டு முன்கூட்டியே கையெழுத்து வாங்கும் வழக்கத்தை உறுதியாக மறுக்க வேண்டும். தீர்மானங்களைப் பதிவேற்றப் பெற்றோர் செயலியும் உள்ளது. ஆயினும் செயலியில் ஏறியது என்பதற்காகக் காகிதத்தில் அனுப்புவதை விட்டுவிடாதீர்கள். பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கொரு முறை இத்தீர்மானங்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், அதுவே சட்டத்தின் 22ஆம் பிரிவு கேட்கும் பள்ளி வளர்ச்சித் திட்டத்துக்கு அடிப்படையாகும். அடுத்த மூன்றாண்டுகளில் எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் வருவார்கள், எத்தனை ஆசிரியர், என்ன கட்டடம் என்று அதில் எழுத வேண்டும். அங்கன்வாடியில் இப்போது எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்று கேட்டாலே முதல் வகுப்பின் கணக்கு கிடைத்துவிடும்.

ஆறாம் படி: எந்தக் கதவைத் தட்டுவது

பெற்றோர் மிக அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் கட்டடமும் பெரிய பழுதுகளும் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. அங்கே வட்டார வளர்ச்சி அலுவலரைப் பார்க்க வேண்டும். குடிநீர், துப்புரவு, தெருவிளக்கு, பள்ளிக்குப் போகும் ஊர்ச் சாலை ஆகியவை கிராம ஊராட்சியின் பணிகள். ஆசிரியர் பற்றாக்குறை, வருகை, கற்பித்தல் தொடர்பானவை வட்டாரக் கல்வி அலுவலரிடமும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியானால் மாவட்டக் கல்வி அலுவலரிடமும் போக வேண்டும். அவர்களுக்கு மேலே மாவட்டத்தில் முதன்மைக் கல்வி அலுவலர் இருக்கிறார். பேருந்து நேரம் பள்ளி நேரத்தோடு பொருந்தவில்லை என்றால் போக்குவரத்துக் கழகப் பணிமனையின் கிளை மேலாளருக்கு எழுதுங்கள். மின்கம்பி என்றால் மின்வாரியத்தின் பிரிவு அலுவலகம். நகரங்களில் மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளுக்கு அந்தந்த ஆணையரும் வார்டு உறுப்பினரும் பொறுப்பு.

மனுவின் இரண்டாம் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். தர மறுத்தால் விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மோட்டார் மனுவை வாங்கிய ஓர் அலுவலகத்தில், இரண்டு மாதம் கழித்துப் போனபோது அப்படி ஒரு மனுவே வரவில்லை என்றார்கள். முத்திரை பதித்த பிரதியை எடுத்து வைத்த பிறகே கோப்பு கிடைத்தது. அடுத்த மூன்று வாரத்தில் புதிய மோட்டார் வந்தது.

பெரிய செலவுக்கு வேறு வழிகளும் உண்டு. 'நமக்கு நாமே' திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு தருகிறது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியைக் கேட்கலாம். ஊரைச் சேர்ந்து வெளியூரில் இருப்பவரோ நிறுவனமோ உதவ முன்வந்தால், 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகக் கொடுக்கச் சொல்வது கணக்குக்கு நல்லது.

ஏழாம் படி: கிராம சபை

பள்ளிப் பெற்றோராக இருந்தவர் ஊரின் குடிமக்களாக மாறும் இடம் இது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் நடந்துவந்த கிராம சபையோடு, 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டன. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் அதன் உறுப்பினர். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருக்கும் காலத்திலும் கிராம சபை நடக்கும். அந்தக் காலத்தில்தான் மக்கள் இன்னும் அதிகமாக வர வேண்டும்.

கூட்டத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்பே, குழுவின் தீர்மான நகலோடு, பள்ளிப் பொருளைக் கூட்டப் பொருளில் சேர்க்குமாறு ஊராட்சிக்கு மனு கொடுங்கள். அன்று இருபது தாய்மார்களாவது சேர்ந்து போங்கள். முன் வரிசையில் உட்காருங்கள். ஒருவர் மட்டும் எழுந்து, இரண்டு நிமிடத்தில், எண்களோடு சொல்லட்டும். ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் அந்த வேலை இடம்பெற வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். வாய்ச் சொல்லாக "பார்க்கலாம்" என்பதோடு உட்கார்ந்துவிடாமல், பதிவேட்டில் எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் பள்ளிக்காகப் பேசப் போன பெண்கள், அடுத்த சபையிலேயே சுடுகாட்டுப் பாதைக்கும் ரேஷன் கடை நேரத்துக்கும் கேள்வி கேட்டார்கள். நகரங்களில் இதற்கு இணையாக வார்டு குழுவும் பகுதி சபையும் உள்ளன.

பள்ளிக்கு வராத பிள்ளைகளைப் பற்றியும் சபையில் பேசுங்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் வந்த குடும்பங்களின் குழந்தைகளை, வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ ஆண்டின் நடுவில் வந்தார்கள் என்பதற்காகவோ பள்ளி மறுக்க முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பதே சட்டம். அவர்களுக்காகப் பேச ஊரில் ஒருவராவது வேண்டும்.

பதில் வராதபோது

முதலில் நினைவூட்டல் மனு. பிறகு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். அதற்கும் பிறகு தகவல் உரிமை. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "இத்தேதியிட்ட மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் நகல் தருக" என்று அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கல்வி உரிமை மீறப்பட்டால் 32ஆம் பிரிவின்கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் புகார் தரலாம். அது மூன்று மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். கல்வித்துறையின் உதவி எண் 14417. குழந்தைக்கு ஆபத்து என்றால் இந்தப் படிகளில் எதற்கும் காத்திருக்காமல் 1098ஐ அழையுங்கள்.

தலைமையாசிரியருக்குத் தெரியாமல் மேலே மனு போடாதீர்கள். அவரையும் சேர்த்துக்கொண்டு போவதே பள்ளிக்கு நல்லது. விதிவிலக்கு ஒன்று: புகார் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றியதாகவும், பள்ளிக்குள் இருப்பவர் மீதானதாகவும் இருந்தால் நேரே வெளியே செல்லுங்கள்.

தனியார் பள்ளிப் பெற்றோருக்குச் சில சொற்கள்: உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு 21ஆம் பிரிவின் குழு கட்டாயமில்லை. எனினும் கட்டண ஒழுங்குமுறைக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டமும், பள்ளி வாகனங்களுக்கு 2012ஆம் ஆண்டுச் சிறப்பு விதிகளும் உள்ளன. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் அவற்றைப் படித்துவிட்டுப் பேசலாம்.

கைமாற்றிக் கொடுத்தல்

உங்கள் பிள்ளை எட்டாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகும் ஆண்டில், நீங்கள் கற்றதெல்லாம் உங்களோடு போய்விடக் கூடாது. அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே, முதல் இரண்டு வகுப்புகளின் பெற்றோரிலிருந்து இருவரைத் தேர்ந்து, மனு கொடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். நிலுவையில் உள்ள மனுக்கள், அவற்றின் தேதி, யாரிடம் கோப்பு இருக்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரே தாளில் எழுதி, முத்திரையிட்ட பிரதிகளோடு ஓர் உறையில் வைத்து, புதிய தலைவர் பொறுப்பேற்கும் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கொடுங்கள். கொடுத்ததைக் குறிப்பேட்டில் ஒரு வரியாகப் பதியச் சொல்லுங்கள்.